கைக்குழந்தைக்கு இயற்கைமுறைக் கம்பளி உடுப்பு: நம் ஊருக்கு ஏற்குமா?

ஊத்துக்குளி அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் குழந்தை உடுப்புகளை ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கிறேன். இருபது ஆண்டுகளாக என் கை பட்டதெல்லாம் பருத்தித் துணிதான். கம்பளியைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. மருமகனுக்குக் கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்பதால், தை பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் மலைக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி, பலமுறை துவைத்து நூல் தளர்ந்த வேட்டித் துணியில்தான் பிள்ளையைக் கிடத்தி வந்தோம். பேர் வைக்கிற வரைக்கும் புதுத்துணி போடவில்லை. பேர் வைத்த அன்று உறவினர் ஒருவர் கம்பளி ஸ்வெட்டர் என்று ஒன்றை வாங்கி வந்து அணிவித்தார். அன்று சாயங்காலமே கழுத்து மடிப்பிலும் கக்கத்திலும் வியர்த்து, மறுநாள் அந்த இடமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. விளிம்பிலிருந்து ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். அது உருகிச் சுருண்டு, ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றது. உண்மையான கம்பளியாக இருந்தால் மயிர் கருகும் நாற்றம் வந்திருக்கும், சாம்பலும் விரலில் பொடிந்திருக்கும். அட்டையில் கம்பளி என்று அச்சடித்து, அக்ரிலிக் என்ற செயற்கை இழையை விற்றவர்கள் மீது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அரிக்கிறது என்று அந்தப் பச்சைப்பிள்ளையால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

அதே வாரத்தில், எங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் ஒன்று ஆர்கானிக் மெரினோ கம்பளி (மெரினோ என்பது மெல்லிய கம்பளி தரும் செம்மறி இனம்) என்று சொல்லி மாதிரித் துணி அனுப்பியது. 17.5 மைக்ரான் இழை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 160 ஜிஎஸ்எம் எடை, அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்; நான் தைக்கும் இன்டர்லாக் பருத்தியைவிட அது மென்மையாக இருந்தது. கம்பளி என்றால் குத்தும் என்று இத்தனை காலம் நினைத்திருந்த எனக்கு அது பெரிய வியப்பு.

ஆகவே மூன்று சந்தேகங்கள். இந்தத் துணியால் பிள்ளையின் உடம்புக்கு உண்மையிலேயே நன்மை உண்டா? கம்பளிக்கு ஆர்கானிக் என்று சொன்னால் எதை எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் இத்தனை செம்மறி ஆடுகள் மேயும்போது, வெளிநாட்டுக் கம்பளியை ஏன் வரவழைக்க வேண்டும்?

ஈரோட்டுச் செவிலி எழுதியது:

அக்கா, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு மிக அதிகம். அதனால் சூடு வேகமாக வெளியேறும். நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. தோள்பட்டை நடுவிலும் கழுத்தைச் சுற்றிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. எடை குறைந்த பிள்ளைக்கு எந்தத் துணிக்கும் முன்பாக நாங்கள் பரிந்துரைப்பது தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பைத்தான். துணியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வரும்.

கம்பளியின் சிறப்பு அதன் இழைக்குள் இருக்கிறது. அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போதும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்தை இழுக்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தி வியர்வையையும் கக்கிய பாலையும் நீராகக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; குளிர்காற்று பட்டால் அந்த ஈரமே பிள்ளையைச் சில்லிட வைக்கும். அக்ரிலிக்கோ ஈரத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. வியர்வை தோலிலேயே தேங்கும். உங்கள் பேத்திக்கு நடந்தது அதுதான்.

குத்துவது இழையின் பருமனால் வருவது. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழையின் நுனி வளையாமல் தோலில் ஊன்றி நிற்பதால் அரிப்பு உண்டாகிறது. மெல்லிய இழை வளைந்துகொடுத்துவிடும். இதைச் சரிபார்க்க, மெல்பர்னில் தோல் அழற்சியுள்ள மூன்று வயதுக்குட்பட்ட 39 குழந்தைகளுக்கு ஆறு வாரம் மிகமெல்லிய மெரினோ உடுப்பும் ஆறு வாரம் பருத்தி உடுப்பும் மாற்றி மாற்றி அணிவித்து ஆராய்ந்தார்கள். 2017-இல் வெளிவந்த அந்த முடிவில், கம்பளி அணிந்த வாரங்களில் அழற்சி குறைந்திருந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது, செலவில் ஆஸ்திரேலியக் கம்பளித் துறையின் பங்கும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே இதை மருந்து என்று யாரும் வாங்கிவிட வேண்டாம். தடிப்புள்ள பிள்ளையை முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் உடுப்பை யோசிக்கலாம்.

கோவை, ஈரோட்டில் மார்கழி விடியலில் மெல்லிய கம்பளிப் பனியன் ஒன்று போதும். சித்திரையில் ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது எந்தக் கம்பளியும் வேண்டாம், பழைய வேட்டித் துணியே நல்லது. பெரியவருக்கு வசதியாக இருக்கும் உடைக்கு மேல் ஒரு அடுக்கு, அதுதான் கணக்கு. பிள்ளையின் பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். கசகசவென்று இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். உள்ளங்கை சில்லென்று இருப்பதைக் கண்டு மேலும் மேலும் போர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. உடம்பு மிகையாகச் சூடாவது, தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணத்துக்கு ஒரு காரணியாகக் கருதப்படுகிறது. தூங்கும் பிள்ளைக்கு வீட்டுக்குள் குல்லாய் வேண்டாம், தளர்ந்த போர்வையும் வேண்டாம். 1980-களில் கேம்பிரிட்ஜில் எடை குறைந்த குழந்தைகளை மருத்துவமனைக் கண்காணிப்பில் ஆட்டுக்குட்டிக் கம்பளி விரிப்பில் கிடத்தி, அவை கூடுதல் எடை பெற்றதைக் கண்டார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டுத் தொட்டிலில் ரோமத்தோல் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயது முடியும்வரை பஞ்சுபோல் அமுங்கும் எதுவும் படுக்கையில் கூடாது.

கொரங்காட்டுக்காரன் எழுதியது:

அக்கா கேட்ட மூன்றாவது கேள்வி என்னுடையது. வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்களுக்குக் கொரங்காடு இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, உழவும் எப்போதாவதுதான். ஒரு வளவில் புல் தீர்ந்தால் படலைத் திறந்து அடுத்த வளவுக்கு ஆட்டை ஓட்டுவோம். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நிலம் இப்படித்தான் பிழைத்து வருகிறது. இயற்கைமுறை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எந்தக் காகிதத்தில் வரும் என்று எனக்கும் பல நாள் தோன்றியதுண்டு.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அதிகம் மேய்வது மேச்சேரி ஆடு. அதன் உடம்பில் இருப்பது குட்டை மயிர். கத்தரிக்கும் வழக்கமே இல்லை. அதன் பெருமை தோலிலும் கறியிலும் இருக்கிறது. கம்பளி தருவது குரும்பை ஆடு. அரசு ஏடுகளில் கோயம்புத்தூர் ஆடு என்று எழுதப்பட்டிருப்பது அதுதான். அதன் மயிர் முரடு. என் சிறுவயதில் கத்தரித்த மயிரை வில்லால் அடித்து, தக்கிளியில் நூற்று, புளியங்கொட்டைப் பசை போட்டுக் கம்பளி நெய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்காரர்கள் அதைத் தலையையும் முதுகையும் மூடும் கொங்காடையாக மடித்துப் போட்டுக்கொண்டால் ஐப்பசி மழையும் உள்ளே இறங்காது. ஆயினும் அந்தக் கம்பளியைப் பிள்ளையின் தோலில் வைத்தால் செவிலி அம்மணி சொன்னது போலக் குத்தத்தான் செய்யும். நம் ஊர் பொருள் என்ற பாசத்துக்காக ஒரு குழந்தையை அரிப்பில் விடக்கூடாது.

மெல்லிய கம்பளிக்கு நம்மிடம் அருகில் இருப்பது நீலகிரி ஆடு. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைக் காத்து வருகிறது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் பாரத் மெரினோ இனத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டுமே எண்ணிக்கையில் மிகக் குறைவு. உங்கள் நிறுவனத்தின் ஒரு ஆர்டருக்குக்கூட அந்தக் கம்பளி காணாது என்பதால், இன்றைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

ஊத்துக்குளி அம்மா எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கொரங்காட்டுத் தம்பி, எங்கள் அப்புச்சி வீட்டில் அப்படியொரு கறுப்புக் கம்பளி இருந்தது; சிறுவயதில் அதில் படுத்தெழுந்தால் முதுகெல்லாம் வரிவரியாக இருக்கும். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகுதான் அதன் காரணம் புரிந்தது. ஆர்கானிக் சான்று பற்றியும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். மாதிரித் துணியோடு வந்த குறிப்பில் இயந்திரத்தில் துவைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அது நல்ல அம்சம்தானே?

நொய்யல்கரை எழுதியது:

அம்மா, நீங்கள் கடைசியில் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. சாயப்பட்டறையில் ஆய்வகப் பொறுப்பாளராக நெடுங்காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பளி இழையின் மேற்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். வெந்நீரிலோ இயந்திரத்திலோ உரசும்போது ஒரு இழையின் செதில் மற்றொன்றில் மாட்டி இறுகுவதால்தான் கம்பளி சுருங்குகிறது. இதைத் தடுக்கப் பெரும்பாலான ஆலைகள் குளோரின் கரைசலில் கம்பளியைச் செலுத்திச் செதிலை அரித்து, அதன்மேல் மெல்லிய செயற்கைப் பிசின் பூச்சு ஒன்றை ஏற்றுகின்றன. சூப்பர்வாஷ் என்பது அதுதான். அப்படிச் செய்த துணியில் பிள்ளையின் தோலைத் தொடுவது அந்தப் பிசின் பூச்சு. ஆலையிலிருந்து வெளியேறும் நீரில் எளிதில் சிதையாத குளோரின் சேர்மங்கள் கலந்திருக்கும். ஆகவே ஜி.ஓ.டி.எஸ். என்ற உலகளாவிய ஆர்கானிக் ஜவுளித் தரநிலை, கம்பளிக்குக் குளோரின் பதப்படுத்தலை அனுமதிப்பதில்லை. குளோரின் இல்லாத வேறு முறைகளும் இருக்கின்றன என்பதால், இயந்திரத்தில் துவைக்கலாம் என்ற வரியைக் கண்டதும் பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். எந்த முறையில் பதப்படுத்தினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

ஆர்கானிக் என்பது ஆட்டிலிருந்து தொடங்குகிறது. இரசாயன உரமிடாத மேய்ச்சலும் இயற்கைமுறைத் தீவனமும் வேண்டும்; உண்ணிக்காக ஆட்டை ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லித் தொட்டியில் முக்கக்கூடாது; நிலம் தாங்கும் அளவுக்கு மேல் ஆடு விடக்கூடாது. ஆஸ்திரேலிய மெரினோவுக்குப் பின்புறத் தோல் மடிப்பில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும் தொல்லை உண்டு. அதைத் தடுக்கக் குட்டியின் பின்தோலைச் சீவி எடுக்கும் மியூல்சிங் என்ற கொடிய வழக்கம் அங்கே இருக்கிறது. நியூசிலாந்து அதை 2018 அக்டோபர் முதல் தடை செய்துவிட்டது. ஜி.ஓ.டி.எஸ். தரநிலையில் அப்படிப்பட்ட ஆட்டின் கம்பளிக்கு இடமில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு இதமாக இருக்க வேண்டும் என்று வாங்கும் உடுப்பு, வேறொரு உயிரின் குட்டியைத் தோலுரித்து வந்ததாக இருக்கக்கூடாது என்பதில் எனக்கு எந்த மறுசிந்தனையும் இல்லை.

அடுத்தது கழுவல். வெட்டி எடுத்த கம்பளியில் கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் சேர்ந்து எடையில் பாதிவரைகூட இருக்கும். அதைக் கழுவிய நீரை அப்படியே ஆற்றில் விட்டால் ஆற்றின் உயிர்வளி முழுவதையும் அது உறிஞ்சிவிடும். நல்ல ஆலையில் அந்தக் கொழுப்பைப் பிரித்து லனோலின் ஆக்குகிறார்கள். பால் கொடுக்கும் தாய்மாரின் காம்பு வெடிப்புக்குத் தடவும் களிம்பில் இருப்பது இந்த லனோலின்தான்.

சாயத்தில் கம்பளிக்கு ஒரு சாதகம் இருக்கிறது, இதைத் திருப்பூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற ஒரு லிட்டர் நீருக்கு ஐம்பது அறுபது கிராம் வரை உப்புப் போடுகிறோம். அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரோடு போய்விடும். பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனதும், சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்ப்பானதும் இந்த உப்பால்தான். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன நாட்களை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கம்பளி புரதம் என்பதால் அமிலச் சாயத்தைக் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் நன்றாகவே பற்றிக்கொள்ளும். அவ்வளவு உப்புத் தேவைப்படாது. ஆனால் அடர்ந்த கறுப்புக்கும் நீலத்துக்கும் குரோமியம் சேர்ந்த சாயங்களைப் பயன்படுத்துவோர் உண்டு. பிள்ளைக்கு வாங்கும்போது சாயமேற்றாத பால்வெள்ளை நிறத்தையே கேளுங்கள். நான் என் பேரனுக்கு வேறு நிறம் வாங்கியதில்லை.

காகிதத்தில் இரண்டைப் பாருங்கள். ஆலைக்குத் தகுதி இருப்பதைச் சொல்வது ஸ்கோப் சான்று. உங்கள் கைக்கு வந்த அந்தக் குறிப்பிட்ட சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்று சொல்வது டிரான்சாக்ஷன் சான்று. பலர் முதலாவதை மட்டும் சுவரில் மாட்டிவைத்துக் காட்டுவார்கள். 2020-இல் நம் நாட்டிலேயே ஏறத்தாழ 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று கொண்டு ஆர்கானிக் என்று கணக்குக் காட்டியதை அந்தத் தரநிலை அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. ஆர்கானிக் என்று முழுப்பெயரோடு விற்க 95 சதவீத இழை சான்றுபெற்றதாக இருக்க வேண்டும். 70 சதவீதம் இருந்தால், இத்தனை சதவீதம் ஆர்கானிக் இழையால் செய்தது என்று மட்டுமே எழுதலாம்.

பல்லடம் பருத்தி எழுதியது:

மேலே எழுதிய எல்லோருக்கும் மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. ஆடு அசைபோடும் விலங்கு. பன்னாட்டுக் கணக்கீடுகளில் ஓர் ஆடு ஆண்டுக்கு நம்மைப் போன்ற நாடுகளில் சுமார் 5 கிலோவும் வளர்ந்த நாடுகளில் சுமார் 8 முதல் 9 கிலோவும் மீத்தேனை வெளிவிடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ இழைக்குக் கணக்கிட்டால், புவி வெப்பமாதலில் கம்பளியின் பங்கு பருத்தியைவிடப் பலமடங்கு அதிகம். இயற்கைமுறையில் வளர்த்தாலும் ஆட்டின் இரைப்பை மாறிவிடாது. அதைக் கடல் தாண்டி இங்கே கொண்டுவந்து, தைத்து, மறுபடி கடல் தாண்டி அனுப்புவதைச் சுற்றுச்சூழல் நன்மை என்று விளம்பரம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டில் பத்து மாதம் வியர்க்கும் நம் சமவெளிக்கு, மழையை நம்பி இயற்கைமுறையில் விளைவித்த பருத்தியே பொருத்தம். அதை நூற்கவும் பின்னவும் தைக்கவும் வேண்டிய எல்லாமே பல்லடத்திலிருந்து அவினாசிக்குள் கிடைக்கிறது. விலையையும் நினைத்துப் பாருங்கள். அந்த மெரினோப் பனியன் ஒன்றின் விலையில் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் தன் பிள்ளைக்கு ஓராண்டுக்கான பருத்தி உடுப்பு முழுவதையும் வாங்கிவிடலாம்.

நொய்யல்கரை எழுதியது:

பல்லடம் ஐயா சொன்ன மீத்தேன் கணக்கு சரியானது. அதை மறைத்துவிட்டுக் கம்பளியைப் புகழ்வது நேர்மையாகாது. விலை பற்றிச் சொன்னதும் உண்மை.

ஆயினும் ஒரு கிலோ இழைக்கு என்று மட்டும் பார்த்தால் கணக்கு முழுமையாகாது. கம்பளி நாற்றத்தைப் பிடித்துவைப்பது குறைவு என்பதால் காற்றில் உலர்த்தியே பலமுறை அணிவிக்கலாம். ரிப் பின்னலாக இருந்தால் பிள்ளை வளர வளர விரிந்துகொடுக்கும். பத்திரமாக வைத்தால் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஆகும். மேலும் நம் ஊர்ச் சந்தையில் இன்று கம்பளியின் இடத்தில் உட்கார்ந்திருப்பது பருத்தி அன்று. ஊத்துக்குளி அம்மா தீயில் காட்டினாரே, அந்த அக்ரிலிக். அதை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் நீரில் போகின்றன. தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் தீப்பற்றாது. 570 டிகிரி செல்சியஸ் போலச் சூடு ஏறினால்தான் பற்றும். பற்றினாலும் தீயை எடுத்தவுடன் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், உருகவும் செய்யாது. விறகடுப்புக்கும் கணப்புச் சட்டிக்கும் பக்கத்தில் பிள்ளையை வைத்திருக்கும் மலை வீடுகளில் இது சிறிய விஷயமில்லை.

எனவே என் கருத்து இதுதான். சமவெளிப் பிள்ளைக்கு ஐயா சொல்வது போல இயற்கைமுறைப் பருத்தி. மலைக்குப் போகும் பிள்ளைக்கும், குறைமாதத்தில் பிறந்து சூடு தாங்காத பிள்ளைக்கும், தோலோடு ஒட்டி அணிய இரண்டே இரண்டு மெல்லிய கம்பளிப் பனியன். அலமாரி நிறைய வாங்குவோருக்கு ஐயாவின் கணக்கு அப்படியே பொருந்தும்.

கொரங்காட்டுக்காரன் எழுதியது:

மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பளியில் நூற்றுக்குப் பதினாறு பங்கு போல நைட்ரஜன் இருக்கிறது, கந்தகமும் இருக்கிறது. விலைபோகாத குரும்பை மயிரை நான் தென்னையின் வட்டப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வருகிறேன். அது ஈரத்தைப் பிடித்து வைத்து, மெதுவாக மக்கி உரமாகிறது. மாசியில் புதைத்ததை மார்கழியில் தோண்டினால் அடையாளம் தெரிவதில்லை. பனியன் கம்பெனிக் கழிவில் வரும் பாலியஸ்டர் துண்டை ஒருமுறை உழவின்போது எடுத்தேன். அதில் அச்சடித்திருந்த பூ கூட அழியவில்லை.

கோத்தகிரி மேடு எழுதியது:

அக்கா, உங்கள் பேத்தி வரப்போகும் ஊரிலேயே இருப்பவள் நான். என் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். திருமணமாகி மலைக்கு வந்தேன். இரண்டு பிள்ளைகளையும் கம்பளி உடுப்பில் வளர்த்திருக்கிறேன் என்பதால் பயன்பாட்டைச் சொல்கிறேன்.

இங்கே பகலில் வெயிலடித்து, நாலு மணிக்கு மூடுபனி இறங்கி, இரவில் ஈரக்குளிர் அடிக்கும். பருத்தித் துணி இரண்டு நாளானாலும் முழுக்கக் காயாது. முன்பக்கம் மடித்துக் கட்டும் முழுக்கைக் கம்பளிப் பனியன் இரண்டு, கால்சட்டை ஒன்று, துணி நாப்கினுக்கு மேலே போடும் கம்பளி உறை ஒன்று, அவ்வளவுதான் என் பிள்ளைகளுக்கு இருந்தது. அந்த உறையை லனோலின் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து உலர்த்தினால் ஈரம் வெளியே கசியாது, காற்றும் தடைபடாது. மூத்திரம் பட்டால் நிழலில் காயப்போட்டாலே வாடை போய்விடும். மலம் பட்டால் மட்டும் உடனே அலச வேண்டும். தூக்கி எறியும் டயப்பரை இந்த மலையில் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கவலையும் எனக்கு அதனால் பாதி குறைந்தது.

துவைப்பதில் நான் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது. முதல் பிள்ளையின் பனியனைச் சலவைத் தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கிவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது அது பொம்மைக்கு ஆகும் அளவுக்குச் சுருங்கி, அட்டை போலத் தடித்திருந்தது. அன்றிரவு பிள்ளைக்கு மாற்று உடுப்பில்லாமல் நான் தவித்தேன். கம்பளிக்குக் காரம் ஆகாது என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரைக் கைச்சூட்டுக்கு ஆற்றி, அதில் அமுக்கி அமுக்கி எடுக்கிறேன். முறுக்கிப் பிழியக்கூடாது, துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கைவாட்டில் உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நீண்டுவிடும்.

இன்னொரு தொல்லை அந்துப்பூச்சி. அதன் புழு பால் கக்கிய இடமாகப் பார்த்து ஓட்டை போடும். நான் உடுப்புப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்து, அடுத்த பிள்ளைக்கு எடுத்தேன்.

ஈரோட்டுச் செவிலி எழுதியது:

கோத்தகிரி அக்கா, கடைசி வரியைப் படித்ததும் உடனே எழுதுகிறேன். கைக்குழந்தையின் துணியில் அந்துருண்டை எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதிலுள்ள நாப்தலின் ஆவியாகித் துணியில் ஏறி, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் பிள்ளைக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கும். அந்த மஞ்சள் மூளையைத் தாக்கிய நேர்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. நம் பகுதியிலும் அந்தக் குறைபாட்டோடு பிள்ளைகள் பிறக்கிறார்கள். பரிசோதிக்காமல் யாருக்கும் தெரியாது. கற்பூரமும் குழந்தைக்கு நஞ்சு, வலிப்பு வரும். அதையும் பெட்டியில் போட வேண்டாம்.

பால்கறை முழுவதும் போகத் துவைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் மூடி வைப்பதே முதல் காப்பு. முட்டை இருக்கும் என்ற சந்தேகம் வந்தால், உறையோடு குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் சில நாட்கள் வைத்து எடுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். ஏற்கெனவே அந்துருண்டை வாடை ஏறிய துணியைப் பலமுறை துவைத்து, வாடை அறவே போகும்வரை காற்றில் விடாமல் எந்தப் பிள்ளைக்கும் அணிவிக்காதீர்கள்.

கோத்தகிரி மேடு எழுதியது:

படித்ததும் கை நடுங்கிவிட்டது. பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மாடியில் பரப்பிவிட்டேன். என் தங்கை பிள்ளைக்கு அனுப்புவதாக இருந்தேன், நிறுத்திவிட்டேன். நன்றி அம்மணி.

ஊத்துக்குளி அம்மா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நொய்யல்கரை அண்ணா சொன்னபடி அந்த நிறுவனத்திடம் டிரான்சாக்ஷன் சான்றும், சுருங்காமல் இருக்க என்ன செய்தார்கள் என்ற விளக்கமும் கேட்டேன். முதலில் வந்த துணிக்கு விளக்கம் வரவில்லை. அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வேறொரு ஆலையின் துணி, குளோரின் படாதது, சாயமேற்றாதது, இரண்டு சான்றுகளோடும் வந்தது. அதில் கைத்துவையல் மட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்.

அதிலிருந்து பேத்திக்கு இரண்டு பனியன்கள் என் கையாலேயே தைத்தேன். தைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்: உருண்டைமுனை ஊசி போட்டால்தான் இழை அறுபடாது. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் தையலின் மேடு தோலில் உரசாமல் இருக்க, தையலை வெளிப்புறம் வரும்படி வைத்துத் தட்டையாகத் தைக்கும் பேட்லாக் இயந்திரத்தில் படியவிட்டேன். உலோகப் பொத்தானில் நிக்கல் இருந்தால் தோலுக்கு ஆகாது என்பதால் அதே துணியில் நாடா வைத்துக் கட்டும்படி செய்தேன். வாஷ்கேர் லேபிளைக் கழுத்துக்குள் வைக்காமல் இடுப்பு ஓரத்தில் வெளிப்புறமாகத் தைத்தேன். கழுத்துக்குள் வரும் அந்தச் சிறிய நைலான் லேபிள் எத்தனை பிள்ளைகளை அழ வைத்திருக்கும் என்று, இத்தனை ஆயிரம் உருப்படி தைத்தபிறகு இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

தை ஐந்தாம் நாள் மகளும் பேத்தியும் மலைக்குப் போனார்கள். தடிப்பு அதற்கு முன்பே மருத்துவர் கொடுத்த களிம்பில் ஆறிவிட்டது, திரும்ப வரவில்லை. இரவில் பனியனும் அதன்மேல் பருத்திச் சட்டையும் போட்டு, பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதாக மகள் சொல்கிறாள். வெயில் ஏறியதும் கழற்றி விடுகிறாள்.

கொரங்காட்டுத் தம்பிக்கு: மாதிரித் துணி வெட்டியதில் இரண்டு கிலோ கட்டிங் வேஸ்ட் சேர்ந்திருக்கிறது. முழுக்கக் கம்பளி, சாயமில்லை, பாலியஸ்டர் நூல் எதுவும் கலக்காமல் பிரித்து வைத்திருக்கிறேன். கன்னிவாடிச் சந்தைக்கு ஆடு கொண்டுவரும் நாளைச் சொன்னால் மூட்டையாகக் கட்டி அனுப்புகிறேன், தென்னைக்குப் போட்டுப் பாருங்கள்.